பழைய காருக்குப் புதிய என்ஜின்: கை வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

ஹௌராவிலிருந்து பர்த்வான் செல்லும் மெயின் லைனில் உத்தர்பாராவை அடுத்து 'ஹிந்த் மோட்டார்' என்றொரு ஸ்டேஷன் உண்டு. ஒரு மோட்டார் தொழிற்சாலையின் பெயரால் அமைந்த ஸ்டேஷன் அது. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அம்பாசடர் கார்கள் அங்கிருந்துதான் வந்தன. கல்கத்தாவில் வேலைக்கு வந்து ஊன்றிய நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு முதல் கார் அதுவே. இன்றும் சில வீடுகளின் முன்புறம் தாத்தாவோ அப்பாவோ வாங்கிய அம்பாசடர் துணி போர்த்தி நிற்கிறது. விற்க மனம் வருவதில்லை, ஓட்டினால் இழுப்பதில்லை. "ஸார், இதில் பிற்கால மாடல் என்ஜினைப் போட்டுவிடலாமா?" என்று சங்கத்தில் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

போடலாம். ஆனால் என்ஜின் மாற்றுவது என்பது என்ஜினோடு முடிகிற வேலை இல்லை. அது ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி. ஒரு கண்ணியை வலுவாக்கினால் மற்றக் கண்ணிகளின் மீது இழுவிசை கூடும். ஆகவே வரிசையாகப் பார்ப்போம்.

1. நோய் என்ஜினில்தானா?

முதலில் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். என்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் ப்ளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜில் குறித்துக்கொள்ளுங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிவு. நான்கும் ஒரே சீராக, நல்ல அளவில் இருந்தால் குற்றம் கார்புரேட்டர், இக்னிஷன், அடைபட்ட ரேடியேட்டர் இவற்றில் இருக்கலாம்.

வால்வு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பழைய என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றவை. அந்த ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் நம் நாட்டில் ஈயமில்லாப் பெட்ரோல்தான். எனவே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் இன்சர்ட்டுகளைப் போட்டுவிடுவது நல்லது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் வந்துவிட்டதால், பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்ற வேண்டும். சிலிண்டரை ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, மேற்சொன்னவற்றையும் முடித்தால் பல கார்கள் பழைய என்ஜினோடேயே நன்றாக ஓடும்.

2. எந்த என்ஜின்?

மாற்றியே தீரவேண்டுமென்றால் அதே கம்பெனியின் பிற்கால என்ஜினை முதலில் பாருங்கள். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சி.சி. என்ஜின். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுஸு வடிவமைப்பில் 1817 சி.சி. பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. அதே என்ஜின் கான்டெஸ்ஸாவிலும் இருந்தது. கம்பெனியே அம்பாசடர் உடலில் பொருத்திய என்ஜின் என்பதால் இடமும் பாகங்களும் ஓரளவு ஒத்துவரும். மெக்கானிக்குகளுக்கும் கை பழக்கமுண்டு.

இரண்டின் வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிடலாம். பழையதில் சிலிண்டரின் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 88.9 மி.மீ. புதியதில் விட்டம் 84, தூரம் 82. முன்னது ஒல்லியாக நீண்டது. பின்னது அகலமாகக் குட்டையானது. நிமிடத்துக்கு 4000 சுற்றில் பழைய பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 11.9 மீட்டர், புதியதில் 10.9 மீட்டர்தான். கொள்ளளவு 22 சதவீதம் கூடியும் பிஸ்டன் குறைந்த வேகத்தில் நகர்கிறது. புதிய என்ஜின் அலுக்காமல் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

3. அளந்த பிறகே கழற்றுங்கள்

என்ஜினின் நீளம், உயரம், ஆயில் சம்பின் வடிவம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, ஃபேன் ரேடியேட்டரைத் தொடுமா, சைலன்ஸர் குழாய் ஸ்டியரிங் தண்டுக்கோ பெட்ரோல் குழாய்க்கோ மிக அருகில் போகிறதா, பானெட் மூடுமா என்று பாருங்கள்.

என்ஜினோடு அதற்குரிய கியர் பெட்டியையும் வாங்குவதே முறை. பழைய அம்பாசடரில் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருக்கும். புதிய பெட்டிக்குத் தரையில் வரும். பெட்டியின் நீளம் மாறுவதால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் மாறும். அதை லேத்தில் வெட்டி வெல்டு செய்தால் மட்டும் போதாது. பாலன்ஸிங் இயந்திரத்தில் சுழற்றிச் சரிபார்க்க வேண்டும். மேலும், கியர் பெட்டியின் அச்சும் பின் ஆக்ஸிலின் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். இல்லையென்றால் யுனிவர்சல் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வண்டி அதிரும், ஜாயின்ட் சீக்கிரம் போகும். என்ஜின் மவுன்டிங் பட்டைகளை வெல்டு செய்யுமுன் இந்தக் கோணத்தைப் பாருங்கள்.

பெரிய என்ஜின் அதிக வெப்பம் தரும். அதற்கேற்ற ரேடியேட்டர் வேண்டும். மின்சாரத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை: 1950, 60-களின் பிரிட்டிஷ் வழிக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பிற்கால ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் முனை பாடியோடு இருக்கவேண்டும். பார்க்காமல் இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அக்கணமே எரிந்துபோகும்.

4. ஓடுமுன் நிற்க வேண்டும்

ரயில்வேயில் எவ்வளவு வலுவான இன்ஜின் பூட்டினாலும், பிரேக் சோதனை முடிந்து கையெழுத்தான பிறகே வண்டி நகரும். காருக்கும் அதே நியதி. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக் தாங்கவேண்டிய ஆற்றலை 1 என்று கொண்டால், 90 கி.மீ.யில் அது 2.25. வேகம் ஒன்றரை மடங்கு, பிரேக்கின் வேலை இரண்டேகால் மடங்கு. பழைய டிரம் பிரேக் தொடர்ந்து சூடேறினால் பிடிப்பு தளரும். ஆகவே பிற்கால மாடலின் பிரேக், புது ஹோஸ், நல்ல டயர், ஆட்டமில்லாத ஸ்டியரிங் இணைப்புகள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். இவற்றுக்குப் பணம் போதாது என்றால் என்ஜினுக்கும் போதவில்லை என்றே கொள்ளவேண்டும்.

5. காகிதங்கள்

பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உள்ளன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எனவே வேலை தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பழைய சாமான் கடையில் என்ஜின் வாங்கினால் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற சான்றும் கட்டாயம். திருட்டு வண்டியின் என்ஜின் நம் காரில் ஏறிவிட்டால் பதில் சொல்லவேண்டியவர் நாம்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். ஆனால் நிபந்தனை, வண்டி மூல வடிவிலேயே இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

ஆகவே குடும்பத்தோடு உட்கார்ந்து ஒன்றைத் தீர்மானியுங்கள். இது ஓட்டுவதற்கான வண்டியா, காப்பதற்கான வண்டியா? 1960-களின் கார் இன்னும் சொந்த என்ஜினோடு இருந்தால், அதைக் காப்பதே மேல் என்பது என் கருத்து. அப்படிப்பட்டவை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகின்றன. அந்த என்ஜின் முன்பே போய்விட்டது, அல்லது சிலிண்டர் பிளாக் சரிசெய்ய முடியாதபடி வெடித்துவிட்டது என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

6. திரும்பும் வழியை அடைக்காதீர்கள்

மாற்றுவோருக்கு ஒரு விதி. எதையும் வெட்டுவதற்குமுன் போல்ட் போட்டுப் பொருத்த வழியிருக்கிறதா என்று தேடுங்கள். பழைய துளைகளையே பயன்படுத்துங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டுக் கட்டி, போட்டோ எடுத்து, நோட்டில் எழுதுங்கள். பழைய என்ஜினை எடைக்குப் போடாதீர்கள். தண்ணீரை முழுவதும் வடித்து, சிலிண்டர்களில் ஆயில் விட்டு, கையால் சுற்றி, துளைகளை அடைத்து, மரச் சட்டத்தின் மேல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி ஆயில் விட்டுச் சுற்றிவைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளாது.

பம்பாயிலோ பெங்களூரிலோ இருக்கும் பேரனுக்கு நாளை ஒருநாள், தாத்தா ஓட்டிய கார் அப்போதிருந்தபடியே வேண்டும் என்று தோன்றலாம். அன்று அவன் கையில் அந்த என்ஜினும், எண் பலகையும், நீங்கள் எழுதிய நோட்டும் இருந்தால் போதும். காரைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிடுவான். அந்த நோட்டைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். அவன் எழுத்துக்கூட்டியாவது படிப்பான்.