உண்பவர் குற்றமா, விற்பவர் குற்றமா?

கேள்வி: தானே விரும்பித் தின்று உடல் பெருத்தவர், உணவை விற்ற நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுப்பது நியாயமா?

பதில்: 2002ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துச் சிறுமியர் இருவர் சார்பில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின்மீது தொடரப்பட்ட வழக்கு இதே வினாவை எழுப்பியது. மறு ஆண்டு ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்த நீதிபதி ராபர்ட் ஸ்வீட், அளவுக்கு மிஞ்சி உண்டால் தீங்கு விளையும் என்பதை அறிந்தே உண்பவர் பிறர்மேல் பழி சுமத்தலாகாது என்றார். ஆயினும் அத்தீர்ப்பில் என் சிந்தையைக் கவர்ந்தது வேறொரு பகுதி. கோழித் துண்டம் என்று விற்கப்படும் பண்டத்தில், வீட்டுச் சமையலில் எவரும் கையாளாத பல பொருள்கள் கலந்திருப்பதை எடுத்துக்காட்டி, உண்பவர் சாமானியமாக அறிய முடியாத அபாயம் பண்டத்தில் மறைந்திருக்குமாயின் விற்பவர் பொறுப்பேற்க நேரிடலாம் என்பதையும் அவர் குறித்து வைத்தார். 2004இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இத்தகைய வழக்குகளையே தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது; செனட்டில் நிறைவேறாமையால் அது சட்டமாகவில்லை.

விவேகம் முதிர்ந்தவர் நாவை அடக்குவது அவரவர் கடமையே. ஆனால் பொம்மையைக் காட்டிக் குழந்தையை அழைத்து, உட்பொருள் விவரத்தைக் கண்ணுக்குப் புலப்படாத பொடி எழுத்தில் அச்சிடுகிறவருக்குத் தனிமனிதப் பொறுப்பைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம். வழக்கு மன்றத்தைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது சிலி நாட்டின் ஏற்பாடு: அங்கே 2016 முதல் சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பொட்டலத்தின் முகப்பில் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரை இருந்தாக வேண்டும்; அப்பண்டத்தோடு பொம்மை வைத்துப் பிள்ளைகளை ஈர்ப்பதும் கூடாது.