ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்றிருந்தால் நோய் உறுதியா?



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’, ‘ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்’ என்ற ரிப்போர்ட்டுகளை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, பேசி முடித்த நிக்காஹை நிறுத்திவிடலாமா என்று கேட்டு வந்தது ஒரு குடும்பம். இன்னொரு வீட்டிலோ, ‘நெகட்டிவ்’ என்று வந்துவிட்டதால் விரல் மூட்டுகள் வீங்கிய பெண்ணை மாதக்கணக்கில் வைத்தியரிடம் காட்டவில்லை. இரண்டுமே தவறு.

கிருமிகள் நுழைந்தால் அவற்றை எதிர்க்க நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகும்படி அல்லாஹ் அமைத்திருக்கிறான். சிலருக்கு இந்த எதிர்ப்பொருள்கள் கிருமியை விட்டுவிட்டு சொந்த உடலையே குறிவைக்கின்றன. முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் இவை காணப்படும். அவற்றைக் கண்டறியவே இந்தச் சோதனைகள்.

ஏ.என்.ஏ.: லூபஸ் நோயாளிகளில் ஏறக்குறைய அனைவருக்கும் இது பாசிட்டிவாக இருக்கும். ஆனால் பாசிட்டிவாக இருப்பவர்கள் அனைவருக்கும் லூபஸ் இருப்பதில்லை. ரிப்போர்ட்டில் உள்ள 1:80 என்பது, ரத்த நீரை 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அது தென்படுகிறது என்று பொருள். ஆரோக்கியமானவர்களிலேயே இந்த அளவில் 100-க்கு சுமார் 13 பேருக்கும், 1:160 அளவில் சுமார் 5 பேருக்கும் பாசிட்டிவ் வரலாம்.

ஆர்.ஏ. ஃபேக்டர்: முடக்குவாதம் உள்ள 100 பேரில் 70 முதல் 80 பேருக்குத்தான் இது பாசிட்டிவாக வரும். மற்றவர்களுக்கு நோய் இருந்தும் நெகட்டிவ். அதேநேரம் காசநோய், கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கும், நல்ல ஆரோக்கியமுள்ள முதியவர்களுக்கும்கூட இது பாசிட்டிவாக வருவதுண்டு. இதைவிட நம்பகமானது ஆன்டி சி.சி.பி. சோதனை. மூட்டு வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது ரத்தத்தில் தென்படலாம்.

ஆன்டி டி.எஸ். டி.என்.ஏ.: லூபஸ் நோயாளிகளுக்கு இதன் அளவு கூடினால், சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதா என்று மருத்துவர் கவனிப்பார். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் தாமதிக்கக் கூடாது.

தாய்மார்கள் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, கர்ப்பம் மீண்டும் மீண்டும் கலைந்தால், அந்தப் பெண்ணைக் குறை சொல்வதும் ‘ராசி’ பேசுவதும் பாவம். ஆன்டி பாஸ்போலிப்பிட் எனும் எதிர்ப்பொருள் காரணமாக இருக்கலாம். பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடியும் சோதித்தே உறுதி செய்வார்கள். ஆஸ்பிரின் மாத்திரை, ஹெப்பாரின் ஊசி மூலம் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இரண்டு, ஆன்டி ரோ உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு சுமார் 2 பேருக்கு இதயத் துடிப்பு குறையும் ஆபத்து உண்டு. கர்ப்பம் தரித்ததுமே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டால், குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கண்காணிப்பார்கள்.

ஆகவே ரிப்போர்ட் ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு அல்ல. ஒரு சாட்சியை மட்டும் வைத்து காழி தீர்ப்பளிப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு விறைப்பு, ஆறு வாரமாகியும் தணியாத வீக்கம், வெயில் பட்டால் கன்னத்தில் தடிப்பு, காரணமில்லாத காய்ச்சல், வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்தல் ஆகிய அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார். எலும்பு மருத்துவரோடு நிறுத்தாமல், ருமட்டாலஜி மருத்துவரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை உள்ளது.

மருந்து சாப்பிடுபவர்கள், குறிப்பாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள், நோன்புக்காக அதைத் திடீரென நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ரமளானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிக்காஹை நிறுத்தலாமா என்று கேட்ட அந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த அறிகுறியும் இல்லை. மருத்துவரும் பரிசோதித்து, நோய் இல்லை என்றார். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது, அல்ஹம்து லில்லாஹ். நோயே இருந்திருந்தாலும், முறையான சிகிச்சையோடு குடும்பம் நடத்தும் சகோதரிகள் பலர் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ரிப்போர்ட் புரியாவிட்டால் டிரஸ்ட் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். எந்த மருத்துவரிடம் காட்டுவது என்று வழிகாட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்