பூட்டிக் கிடக்கும் வீடுகள்

அன்புள்ள மருமகனுக்கு,



கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் கடலுக்கும் வயலுக்கும் இடையில் குடியிருக்கத் தோதான நிலம் ஒடுங்கிய மணல் பட்டி ஒன்றுதான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. நாலைந்து பேர்ச் காணிக்கே போட்டி. இந்த நெருக்கடிக்குள்ளும் பூட்டிக் கிடக்கும் வீடும், கூரை விழுந்த கடையும், கிணறு மட்டும் மிஞ்சிய வளவும் கண்ணில் படாமல் போவதில்லை. காணிப் பஞ்சமுள்ள ஊரில் கட்டடம் ஏன் பாழாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெரியாமல் தொடங்கிய திருத்த வேலை பாதியில் நின்றுபோகும்.

முதல் வகைப் பாழ், சுனாமி விட்டுச் சென்றது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; இறந்தோர் 10,000 பேருக்கு மேல். அதன் பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. கல்முனைப் பகுதியில் அந்த எல்லை பிறகு 65 மீற்றராகக் குறைந்தது. எல்லைக்குள் அகப்பட்டவர்களின் வளவுகளில் அத்திவாரமும் அரைச் சுவரும் நின்றன. அவர்களுக்கென்று எழுந்த வீடுகளிலோ வேறு சிக்கல். மருதமுனை மேட்டுவட்டையில் கட்டியது இன்றும் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே பேசப்படுகிறது. அங்கே கட்டி முடித்த வீடுகள்கூட யாருக்கு என்ற இழுபறியில் நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்தன.

இதில் பெரிய உதாரணம் நுரைச்சோலை. அக்கரைப்பற்றில் சுனாமியால் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வீடுகள் மட்டுமல்ல, பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிவாசல் என ஒரு முழு ஊருக்கான கட்டடங்கள். அந்த நிலம் தீகவாபி விகாரையோடு சேர்ந்தது என்ற வாதத்தோடு விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வீடுகளை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் ஒதுக்கும் திட்டத்தை நீதிமன்றம் 2009இல் தடுத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பமும் அங்கே குடியேறவில்லை. கதவும் யன்னலும் சேதமாயின, முற்றத்தில் காடு ஏறியது. சீமெந்துக்கோ பணத்துக்கோ அங்கே தட்டுப்பாடு இருக்கவில்லை. யார் பெயரில் நிலம், யாருக்குச் சாவி என்ற இரண்டு கேள்விக்கும் விடை தேடாமல் சுவர் எழுந்ததுதான் கோளாறு. கட்டடத்தை ஊரார் மீட்பது பற்றி யார் பேசினாலும் இந்த 500 வீடுகளையும் மனதில் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

இரண்டாவது வகை, தனியார் வீடுகள். இதில் நிறையப் பாழ்வீடுகளுக்கு வேர் வாரிசுரிமையில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் மார்க்கச் சட்டப்படியே பங்கு பிரிக்கிறது. மனைவியையும் இரண்டு மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டு ஒருவர் மௌத்தானால், வீட்டில் எட்டில் ஒன்று மனைவிக்கு. மிச்சத்தில் மகன் ஒவ்வொருவருக்கும் எட்டில் இரண்டு, மகள் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒன்று. கணக்கு அழகாக முடிகிறது, ஆனால் வீடு ஆறு பேருக்குச் சொந்தமாகிவிட்டது. பங்கு பிரித்து எழுதாமலே அந்த ஆறு பேரும் மௌத்தாகிவிட்டால் உரிமைக்காரர் இருபது, முப்பது பேர். ஒருவர் கட்டாரில், ஒருவர் கொழும்பில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. ஓடு மாற்றச் செலவழிப்பவருக்கு அந்தப் பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லை. ஆகவே யாரும் ஓடு மாற்றுவதில்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம்தான். வழக்கு முடியும்போது வீடு நிற்குமா என்பது வேறு கதை.

இந்தச் சிக்கலுக்கு மருந்தாக இந்தக் கரையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கலியாணத்துக்கு முன்பே வீட்டை மகளின் பெயரில் சீதனமாக உறுதி எழுதிக் கொடுப்பது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் அடுத்த மகளுக்காகப் பக்கத்து வளவில் இன்னொரு வீடு எழுப்புவார்கள். சீதனத்தின் சுமை பற்றிய குறைகள் நியாயமானவை. ஆனாலும் ஒரு வீட்டுக்கு உயிரோடிருக்கும் ஒரேயொரு உரிமைக்காரி இருப்பதை இந்த வழக்கம் உறுதிசெய்தது. அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமி வீடுகளைக் குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரில் கொடுத்தபோது பெண்களின் இந்த உரிமை பின்னுக்குப் போனது என்பதும் அந்த எழுத்துகளில் வருகிறது. வீட்டுப் பத்திரங்களை அடித்த அதிகாரிகள் ஊரில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உரிமைக்காரர் ஒருவரே என்றாலும் பயம் இன்னொரு பூட்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, சொந்தக்காரருக்கு எதிராகப் பத்து ஆண்டு தடையில்லாமல் ஆட்சி செய்தவர் காணிக்கு உரிமை கோரலாம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்காரரைக் கிளப்புவதைக் கடினமாக்கியது. பிற்காலத் திருத்தங்களால் தளர்ந்த பிறகும் அந்தப் பேச்சு ஊரில் ஓயவில்லை. ஆகவே வெளிநாட்டில் இருப்பவர், ‘ஆளை இருத்தினால் வளவு போய்விடும்’ என்று வீட்டைப் பூட்டியே வைக்கிறார். இந்தப் பயம் பாதிதான் சரி. நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை உறுதியில் ஒப்பமிடுபவர், வீடு மற்றவருடையது என்று தானே ஒத்துக்கொள்கிறார். அந்தக் குத்தகையில் இருக்கும் வரை அவரால் காலவதி பேச முடியாது. ஆபத்தெல்லாம் வாய்ப்பேச்சில் ஆளை இருத்துவதில்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவம் பெற்றவர் ஒப்பமிடலாம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி என்றால் மட்டும் விசயம் வேறு: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவதால் பிரதேச செயலகத்துக்குப் போகாமல் ஒன்றும் எழுத முடியாது.

திருத்தத் தகாத கட்டடங்களும் உண்டு. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வாயை மண் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. கரை பின்வாங்கும் இடத்தில் நிற்கும் சுவருக்குச் சாந்து பூசுவது வீண் செலவு. கரையோரப் பட்டிக்குள் கட்டட வேலைக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

இனி, ஊரார் என்று சொல்லும்போது அது யார்? கிழக்கின் பழைய ஊர்களில் தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் பிரதிநிதியாக ஒரு மரைக்கார் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்து வந்தார்கள். நம்பிக்கையாளர் சபையின் சொல்லுக்கு இன்றும் எடை உண்டு. சுனாமிக்குப் பின் முதல் நாட்களில் சோறும் தங்குமிடமும் கொடுத்தவை பள்ளிவாசல்கள்தான். வாரிசுகள் முப்பது பேரை ஒரு பாயில் இருத்திப் பேசவைக்க நீதிமன்றத்தைவிடப் பள்ளிவாசலுக்கு முடியும். ஆனால் அதில் ஒரு குறை: வீடுகள் பெண்களின் பெயரில், சபையில் பெண்கள் இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்க்காத குழு பாதி உரிமைக்காரரைக் கேட்காமல் முடிவெடுக்கும் குழுவாகிவிடும்.

மீட்ட கட்டடத்தைக் குழுத் தலைவரின் பெயரில் எழுதுவது எல்லாவற்றிலும் மோசமான வழி. அவர் மௌத்தான மறுநாள் அது அவருடைய வாரிசுகளின் சொத்து. சொந்தக்காரர் மனமுவந்து கொடுத்தால் மார்க்க அறக்கொடையாக வக்பு செய்து, 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதியலாம். அதன் பின் விற்கவோ நீண்ட குத்தகைக்கு விடவோ வக்பு சபையின் அனுமதி வேண்டும். இது பலம், அதே அளவுக்குப் பாரமும்கூட: வக்பு செய்ததைத் திரும்பப் பெற முடியாது. தயங்கும் சொந்தக்காரருக்குக் குத்தகையே ஏற்றது. திருத்தும் செலவைக் குழு ஏற்கிறது, அந்தச் செலவு கழியும் வரை வாடகையில்லாமல் கட்டடத்தைப் பாவிக்கிறது, தவணை முடிய வீடு நல்ல நிலையில் சொந்தக்காரரிடம் திரும்புகிறது.

வெளியூர்களில் இதை முடித்துக் காட்டியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் கிரான்பி பகுதி 1981 கலவரத்துக்குப் பின் வெறிச்சோடியது. நகரசபை வீடுகளை வாங்கி, பலகை அறைந்து, இடிப்பதற்குக் காத்திருந்தது. மிஞ்சியிருந்த சிலர், பெரும்பாலும் பெண்கள், அடைத்த வீடுகளுக்கு வர்ணம் அடித்துத் தெருவில் செடி நட்டுச் சந்தை கூட்டினார்கள். 2011இல் சமூகக் காணி நிதியம் ஒன்றைப் பதிந்து, கேர்ன்ஸ் தெருவில் 10 வீடுகளை நகரசபையிடமிருந்து பெற்றார்கள். அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் குழுவுக்கு 2015இல் டர்னர் பரிசு கிடைத்தது. பரிசைவிடக் கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் துப்புரவு, பிறகு பதிந்த அமைப்பு, அதன் பிறகே கட்டட வேலை. இன்னொரு உதாரணம்: கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளி இறைநேசர் நாகூர் ஆண்டகையின் பெயரில் இருப்பது போலவே சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்ஹா இருக்கிறது. 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்து, பிற்காலத்தில் மூடிக்கிடந்த அந்தக் கட்டடம் திருத்தப்பட்டு 2011இல் இந்திய முஸ்லிம் மரபு நிலையமாகத் திறந்தது. கல்முனைக்குடிப் பள்ளியில் சுனாமிக்குப் பிறகும் ஆண்டுக் கொடியேற்றம் தொடர்ந்தது; ஆட்கள் வந்துபோகும் இடம் பாழாகாது.

ஊரில் வேலை தொடங்குவது ஒரு கொப்பியில். தெருத்தெருவாகப் போய், பூட்டிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் சோலைவரி இலக்கம், கடைசியாக இருந்தவர், இப்போதைய உரிமைக்காரர், கூரை நிலைமை, கிணறு ஆகியவற்றை எழுத வேண்டும். உரிமையைக் காணிப் பதிவகத்தில் ஒப்புப் பார்க்கலாம். கிராம உத்தியோகத்தருக்குப் பாதி விபரம் வாய்ப்பாடம். உரிமைக்காரர் பேச்சுக்கு வராவிட்டால் நுளம்பை வைத்துப் பேசலாம்: 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில், ஆளில்லாத வளவில் நுளம்பு பெருகினாலும் பொறுப்பு உரிமைக்காரருடையது. வளவைத் துப்புரவாக்க ஊரார் கேட்கும்போது மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. முதல் சம்மதம் அப்படித்தான் கிடைக்கும்.

கட்டட வேலையில் முதலிடம் கூரைக்கு. மழை உள்ளே இறங்கும் வீட்டில் வேறெந்த வேலையும் நிலைக்காது. ஓட்டு வீடு என்றால் வளையையும் மரங்களையும் ஓடாவி ஒருவர் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். முதிரையும் பாலையும் பெரும்பாலும் தப்பியிருக்கும், மலிவு மரத்தைச் செல் அரித்திருக்கும். அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைக்காமல் நனைத்து முழுசாகவே இறக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. கொங்கிறீற்றுச் சிலாப்பில் நேர்கோடாக வெடிப்பு ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். இரும்பு துருவாகும்போது பலமடங்கு பருத்துக் கொங்கிறீற்றை உடைத்துத் தள்ளும்; உப்புக் காற்றும், கழுவாமல் சேர்த்த கடல் மணலும் அதை விரைவாக்கும். அந்த வெடிப்பைச் சீமெந்தால் மறைக்கும் மேசனை அனுப்பிவிடுவது நல்லது. கம்பி வெளித்தெரியக் கொத்தி, துரு சுரண்டி, அதன் பிறகே மூட வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு ஆகாது. ஈரமும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் கல்லையே அரிக்கும்.

கிணற்றை இறைத்துக் காயவைக்கக் கூடாது. மணலுக்கடியில் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நல்ல தண்ணீர் நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு துப்புரவு செய்கிறோம் என்று அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் உப்பு ஏறியது. பூச்சு வேலைக்கு மாரி ஆகாது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூசினால் சுவர் மிக விரைவில் காய்ந்து வெடிக்கும்; சாக்குத் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும்.

யார் பாவிக்கப் போகிறார் என்பது ஓடு ஏறும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். வாசிகசாலை என்று திறந்து ஆறு மாதத்தில் பூட்டிய கட்டடங்கள் நாடெங்கும் உண்டு. மருதமுனையில் தறி போட இடமில்லாத நெசவுக் குடும்பம், மாலை வகுப்புக்கு இடம் தேடும் ஆசிரியை, வாடகைக்கு அலையும் விதவை ஒருவரின் குடும்பம் என்று நாளாந்தம் கதவு திறப்பவர்கள்தான் பொருத்தமானவர்கள். வாடகை சிறியதாக இருக்கலாம், இல்லாமல் இருக்கக்கூடாது. அதில் ஒரு பங்கு திருத்த நிதிக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் வாசித்துக் காட்டி, மாதர் சங்கத்திலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மாரி தொடங்க முன்பே ஒருவர் கூரையில் ஏறிப் பீலியைத் துப்புரவு செய்து, நழுவிய ஓட்டைச் சரிசெய்துவிட வேண்டும். அந்தக் கூலியும் தனிக் கணக்கில் இருந்துதான்.


மாமா