ஊர்ப் பலகைகளும் ஓவியர் பார்க்க வேண்டிய ஏடுகளும்

ஓர் ஊருக்குள் நுழைவோரிடம் முதலிற் பேசுவன அவ்வூரின் பலகைகளே. ஊராட்சி அலுவலகம், நியாய விலைக் கடை, பள்ளிக்கூடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகிய எல்லாவற்றிலும் மக்கள் அறிய வேண்டிய செய்தி எழுதப்படுகின்றது. தொட்டியைச் சுத்தம் செய்த தேதியும் மறுபடி சுத்தம் செய்ய வேண்டிய தேதியும் தரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாவிடில், அவற்றை எழுதியதனால் பயன் யாது? நல்ல எழுத்தை ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக நாம் கருதுவது இதனாலேயே.

முக்கூடல் சுற்றுவட்டாரத்தில் இப்பணியைச் செய்து வந்த ஓவியர் பலர், பிளக்ஸ் தட்டிகள் பரவிய பின்னர் வேறு தொழிலை நாடிவிட்டனர். எஞ்சியிருப்போர்க்குக் கைத்திறன் குறைவென்று கூற இயலாது. பார்த்துப் பழகத் தக்க நல்ல மாதிரிகளே அவர்களுக்குக் கிட்டுவதில்லை. கணினி எழுத்தையே தினமும் காண்பவர் அதனையே தூரிகையாலும் எழுத முயல்கின்றார். எழுத்து விறைத்துப் போகின்றது.

இவ்விடத்தில் ரோஜா முத்தையா அவர்களை நினைவுகூர்தல் தகும். செட்டிநாட்டுக் கோட்டையூரினரான அவர், சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராய் இருந்தவர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் தேடித் தேடி வாங்கினார். நூல்களோடு அவர் நிற்கவில்லை. நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என்று பிறர் படித்தவுடன் எறிந்துவிடும் தாள்களையும் காத்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை விலைக்கு வாங்கிற்று. எனினும் அது கடல் கடந்து போகவில்லை. 1994-இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், சென்னையிலேயே வைத்துப் பேணப்பட்டு வருகின்றது. அறிஞர் பலர் நாடிச் செல்லும் அந்நூலகத்துக்கு வித்திட்டவர் ஒரு பலகை ஓவியர் என்பதை நம் ஊர் ஓவியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பழைய நாடக நோட்டீசு ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரிதும் சிறிதுமாகப் பலவகை எழுத்துகள் ஒரே தாளில் அடுக்கப்பட்டிருக்கும். எது முதலிற் கண்ணிற் பட வேண்டும், எது அருகில் வந்தபின் படித்தாற் போதும் என்பதை அச்சுக்கோப்பவர் முன்னரே தீர்மானித்திருப்பார். பலகை எழுதுவோர்க்கு வேண்டிய முதற்பாடம் அதுவே.

இத்தகைய தாள்களுக்கு நாம் சென்னை வரை போக வேண்டியதில்லை. பீடித் தொழிலால் பெயர் பெற்றது முக்கூடல். புகையிலையின் கேடு தனி விஷயம். ஆனால் பழைய பீடி லேபிளில், உள்ளங்கையளவு தாளில் பெயரும் படமும் முத்திரையும் நெருக்கடியின்றி அமைந்திருப்பதை ஓவியர் கற்க வேண்டும். முன்னாளில் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கோவில்பட்டியில் வாழ்ந்தவர் கொண்டைய ராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, பின்னர் காலண்டர் ஓவியத்தில் ஒரு சீடர் வரிசையையே உருவாக்கினார் அவர். அவ்வழியில் வந்த காலண்டர்கள் இன்னும் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. கோட்டோவியம் பயில்வோர்க்கு, ஆனந்த விகடனில் சில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ நூலாகவே கிடைக்கின்றது.

இனி, எழுத்தமைப்பைக் கற்பிக்கும் நூல்கள். ஆங்கிலத்தில் இவை ஏராளம். எட்வர்டு ஜான்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட எழுத்துக்கலை நூல் கைவினைஞர்க்கென்றே எழுதப்பட்டது. அவரையே அழைத்து லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம் தன் பலகைகளுக்கு எழுத்து வரைவித்தது. 1916 முதல் அது வழக்கிற்கு வந்தது. ஒரு பொது நிர்வாகம் நல்ல கலைஞனைத் தேடிப் பிடித்ததன் விளைவு அது. ஆயினும் ஆங்கில எழுத்தின் அளவுகளை அப்படியே தமிழுக்கு இடுதல் கூடாது. ‘கு’, ‘மூ’ போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குவன. ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் விசிறி மேலே எழுவது. ஆதலின் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விடல் அவசியம். ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். தமிழெழுத்து வளைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பர். கருவிக்கேற்ப எழுத்து மாறுவது இயல்பு. தூரிகைக்கும் தனி வளைவு உண்டு.

ஏடு நல்லதா என்று அறிய ஓவியர் சில பக்கங்களைப் புரட்டினாற் போதும். எழுத்து பெரிதாக அச்சிடப்பட்டுள்ளதா, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது தெரிகின்றதா, வண்ணமின்றிக் கறுப்பு வெள்ளையிலும் வடிவம் நிற்கின்றதா என்று பார்க்கட்டும். பளபளப்பான தாள் மட்டுமே உள்ள நூலை வாங்க வேண்டாம். பழைய ஏடுகளைப் பின்பற்றுவோர் இன்னொன்றும் அறிய வேண்டும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் பழைய வடிவம் மாறிற்று. துதிக்கை போன்ற கொம்புடைய பழைய ‘னை’ பெரியோர் கண்ணுக்கு இன்றும் இனிது. ஆனால் ஊராட்சிப் பலகையைப் படிக்க வேண்டிய பள்ளிச் சிறுவனுக்கு அது விளங்காது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத் தக்கது பெரிய செலவன்று. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. பூட்டியே கிடப்பவையும் அவற்றுள் உண்டு. அதை முதலில் திறக்க வேண்டும். ஓர் அலமாரித் தட்டை ஓவியருக்கென ஒதுக்கி, இரண்டு மூன்று நல்ல நூல்களும், ஊரில் திரட்டிய பழைய காலண்டர், லேபிள், நோட்டீசுகள் ஒட்டிய ஒரு தடித்த நோட்டும் வைக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய ஏடுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்; ஊராட்சிக் கணினியில் அதை ஓவியருக்குத் திறந்து காட்ட எழுத்தர் ஒருவர் போதும்.

பலகை எழுதுவிக்கும்போது வாசகத்தைச் சுருக்கிக் கொடுத்துவிடுங்கள். எழுத்தின் உயரம் ஓர் அங்குலமானால் பத்தடித் தொலைவிலிருந்து நன்றாகப் படிக்கலாம் என்பது ஆங்கிலப் பலகை எழுதுவோர் கணக்கு. தமிழுக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளல் நலம். முப்பதடி உயரத் தொட்டியில் மூன்றங்குல எழுத்து போதாது, ஐந்தங்குலமாவது கேளுங்கள். மேலே ஏறுமுன் தாளில் மாதிரி எழுதுவித்து, அதைச் சுவரில் ஒட்டி, சாலையின் எதிர்ப்புறம் நின்று ஒரு முதியவரைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த மாதிரித் தாளையும் நோட்டிலேயே சேர்த்து வைக்கலாம். அடுத்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது உதவும்.