சிரையில் குழல் செலுத்தும் பயிற்சி

புது டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத் தெற்கே, 1956-இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சாலையின் இருமருங்கிலும் எதிரெதிரே உள்ளன. இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் அன்றாடம் செய்யும் பணிகளுள் ஒன்று, நோயாளியின் சிரைக்குள் 'கானுலா' எனும் மெல்லிய பிளாஸ்டிக் குழலைச் செலுத்துவதாகும்.

முதலில் செயற்கைக் கையில் பழக்குவது நன்றே. ஆயினும் அத்தகைய கைகள் சிலவற்றில் சிரை நழுவுவதில்லை. முதியவரின் கையிலோ ஊசி பட்டதும் விலகி ஓடும். ஆகவே மாணவியர் ஊசியின்றி, ஒருவர் கையை மற்றவர் விரலால் தடவிச் சிரையை அறிந்துகொள்ளல் வேண்டும். நல்ல சிரை, அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழும். துடிப்பது தமனி, அதனை விலக்குக.

கைகளைச் சுத்தம் செய்தபின், கட்டுப்பட்டையை மேலே கட்டி, 70 சத ஆல்கஹாலால் தோலைத் துடைத்து, அது தானே உலர விடுக. தோலை இழுத்துப் பிடித்து ஊசியைச் சாய்வாகச் செலுத்துக. பிடியிலுள்ள சிற்றறையில் இரத்தம் தோன்றியதும் குழலைத் தள்ளிவிடலாகாது. குழலின் முனை ஊசிமுனைக்குச் சற்றுப் பின்தங்கியே இருக்கும்; எனவே ஊசியைத் தாழ்த்திச் சிறிதளவு முன்செலுத்திய பின்னரே குழலை மட்டும் நகர்த்தவேண்டும். புதியோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான்.

கட்டை அவிழ்த்த பிறகே ஊசியை உருவுக. உருவிய ஊசியை மீண்டும் குழலுக்குள் நுழைத்தால், குழல் அறுந்து அதன் துண்டு இரத்தத்தோடு சென்றுவிடக்கூடும். இருமுறை முயன்றும் கிட்டாவிடில் அனுபவமுடையவரை அழைக்கவேண்டும் என்பதை ஆசிரியர் முதல் நாளிலேயே சொல்லிவைப்பாராக.