மணவீட்டில் நோயாளி



இல்லறத்தார்க்கு நேரும் இக்கட்டுகளுள் ஒன்றை இன்றைய பாடமாகக் கொள்வோம். வீட்டில் திருமணம் நெருங்குகிறது. அதே வீட்டில் முதிய தந்தைக்கோ தாய்க்கோ இரண சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அப்போது மக்கள் செய்யத்தக்கது யாது?

சென்ற ஆவணியில், நூற்பாலையில் என்னுடன் பணிபுரிந்த நண்பர் ஒருவரின் மகள் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். அவர் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு முதலிய தமிழ்த் தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றது. ஆயினும் கொள்வினை கொடுப்பினை அறவில்லை. களியக்காவிளையைக் கடந்து உறவினர் பலர் முன்னதாகவே வந்திறங்கியிருந்தனர். பந்தலில் ஒரே ஆரவாரம்.

நண்பரின் தந்தையோ பின்னறையில் தனியே கிடந்தார். அவருக்குக் குடலிறக்கம். திருமணம் முடிந்த பத்தாம் நாள் திருவனந்தபுரத்தில் சிகிச்சை செய்வதாக ஏற்பாடு. நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அபசகுனமாக அதைப் பேசலாகாதென்று எல்லாரும் வாய்மூடியிருந்தனர். நான் அருகில் அமர்ந்ததும் முதியவர் சொன்னார்: “மக்களே, கத்திக்கு நான் பயப்படவில்லை. நான் திரும்பி வராவிட்டால் கிழவிக்கு ஆர் துணை? கலியாணக் கடன் எவன் தலையில் விழும்? இதை இங்கே ஆரிடம் கேட்பேன்?”

சிறிது பொறுத்து மற்றொன்றும் சொன்னார். அன்று காலை முதல் வலி மிகுந்து, வீக்கமும் உள்ளே போகாமல் நின்றதாம். கலியாணம் கெடுமே என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

அன்பர்களே, இது சிறிய செய்தியன்று. குடலிறக்கம் பலருக்கு ஆண்டுக்கணக்காகப் பெருந்தொல்லை தராதிருக்கலாம். ஆனால் வெளித்தள்ளிய குடல் சிக்கி இறுகுமாயின் அதற்குரிய இரத்தவோட்டம் தடைப்படும்; சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். வீக்கம் கெட்டிப்படுதல், கடுவலி, வாந்தி ஆகியவை தோன்றினால் நாளும் கோளும் பார்த்திருத்தல் ஆகாது.

நோயை உள்ளபடி உரைக்காத நோயாளிக்குப் பணிவிடை செய்தல் அரிது என்னும் கருத்து விநயபிடகத்து மகாவக்கத்தில் உண்டு. ஆனால் இம்முதியவரை உரைக்கவொட்டாமல் தடுத்தவர் யார்? அபசகுனத்திற்கு அஞ்சிய நாமே அல்லவா?

பகவன் புத்தர் காலத்தில் பக்க நாட்டில் நகுலபிதா என்னும் இல்லறத்தார் கடும்நோயுற்றார். அவர் மனைவி நகுலமாதா அழுதுகொண்டிருக்கவில்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று பொய்த்தேறுதல் கூறவுமில்லை. கவலையோடு இறத்தல் துன்பமென்று சொல்லி, அவர் மனத்தில் இருக்கக்கூடிய ஐயங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறினார். அவற்றுள் முதலாவது, தாம் பருத்தி நூற்று மக்களைக் காத்து வீட்டை நடத்த வல்லவர் என்பது. பாலையில் நூல் நூற்றே வயிறு வளர்த்த எனக்கு இவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழும். நகுலபிதா தேறினார், கோலூன்றிச் சென்று பகவனைக் கண்டார். இத்தகைய மனைவி வாய்த்தது பெரும்பேறு என்று பகவன் அவரிடம் கூறினார்.

இதனையே நண்பருக்கு எடுத்துரைத்தேன். அவர் தந்தையின் காலடியில் அமர்ந்து, அம்மா தம்முடனேயே இருப்பார் என்றார். கடன் கணக்கை வாய்விட்டு வாசித்து, தீர்க்கும் வழியையும் சொன்னார். பின்பு அன்றிரவே வண்டி பிடித்து மருத்துவமனை சேர்த்தார். இரவோடிரவாகச் சிகிச்சை நடந்தது. குறித்த நாளில் திருமணமும் நடந்தது.

முதியவர் பிழைத்தார். பிழையாதிருப்பினும் இப்பாடம் பொய்யாகாது. கவலை தீர்ந்த மனத்தோடு சென்றிருப்பார்.

ஆதலின் அன்பர்கள் கைக்கொள்ள வேண்டுவன இவை. சிகிச்சையை முதியவரிடம் மறைக்காதீர். அவர் உண்ணும் மருந்து, நாட்டு மருந்து, புகையிலை எதையும் மருத்துவரிடம் ஒளிக்காதீர். சிகிச்சைக்குப் பின் முதியோர் சிலர்க்குச் சில நாள் மனம் தடுமாறி, பேச்சு மாறும். அதைப் பேயென்று எண்ணி மந்திரவாதியைத் தேடாமல், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பழகிய முகம் ஒன்று அருகிலிருக்கட்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கையிற் கொடுங்கள். மணவீடாயின், உடல்நிலை இடங்கொடுக்கும்வரை பந்தலின் முன்வரிசையில் அவரை இருத்துங்கள்.

இன்றிரவே உங்கள் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, “அப்பா, உங்களுக்கு எதை நினைத்துக் கவலை?” என்று கேளுங்கள். விடை வரும்வரை எழுந்திராதீர்கள்.

அனைவரும் நோயின்றி வாழ்க.