பட்டறைக்கு ஏஐ செய்யும் நண்பருக்கு



டிராயிங்கைப் படித்து ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குக் கொட்டேஷன் போட்டுத்தரும் ஏஐ மென்பொருள் செய்வதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த மாடல் வந்ததும் கடையை மூட வேண்டியதுதானா என்று கேட்கிறீர்கள். டிராயிங் படிப்பது மட்டுமே உங்கள் சரக்கென்றால், ஆமாம்.

கர்சர் கதை தெரியுமா? எம்.ஐ.டி.யில் படித்த நால்வர் 2022இல் தொடங்கிய எனிஸ்பியர் நிறுவனம் முதலில் கைவைத்தது மெக்கானிக்கல் துறையில்தான், கேட் (CAD) வரைபவர்களுக்கு ஒரு உதவியாளராக. பிறகு அதை விட்டுவிட்டு, நிரல் எழுதும் கருவியான கர்சருக்கு மாறினார்கள். நிரல் கிட்ஹப்பில் கொட்டிக் கிடக்கிறது; கேட் மாடல்களோ கம்பெனி சர்வர்களுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வெளியே வரும் ஸ்டெப் ஃபைலில் பெரும்பாலும் வடிவம் மட்டுமே இருக்கும். எதை முதலில் வரைந்தார்கள், ஏன் என்பது இருக்காது. அவர்களை விரட்டிய அந்தப் பூட்டுதான் உங்களுக்குப் பிழைப்பு.

டிராயிங் படிப்பதும் லேசான வேலையல்ல. 20 மி.மீ. துளைக்கு எச்7 டாலரன்ஸ் என்று போட்டிருந்தால் கூடுதலாக 21 மைக்ரான் வரைதான் போகலாம். வெறும் டிரில் போதாது, பெரும்பாலும் ரீமர் ஓட்ட வேண்டும். அதையே எச்9 என்று படித்தால் 52 மைக்ரான். விலை குறைவாகப் போகும், ஆர்டரும் கிடைத்துவிடும். ஆபத்தே அதுதான். அமெரிக்க டிராயிங் தர்ட் ஆங்கிளில் வரும். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் பழகிய கண், மூலையிலுள்ள சின்னத்தைக் கவனிக்காவிட்டால் பொருள் இடவலம் மாறிவிடும்.

இவற்றையெல்லாம் நாளைய மாடல் தானே பிடித்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பட்டறையின் வி.எம்.சி. மெஷினில் போன முறை இதே மாதிரி ஜாப்புக்கு எத்தனை செட்டிங் ஆனது, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்பதெல்லாம் முதலாளியின் தலையிலும் கறை படிந்த ஜாப் கார்டுகளிலும் மட்டுமே இருக்கிறது. பழைய கொட்டேஷன்களைக் கேட்டு வாங்குங்கள். போட்ட மணிநேரத்தையும் நிஜமாக ஓடிய மணிநேரத்தையும் அருகருகே வையுங்கள். சலிப்பான வேலைதான், முதலீட்டாளர்கள் முன் காட்டவும் அழகாக இராது. ஆனால் அது கையில் இருந்தால், ஒவ்வொரு புது மாடலும் உங்களுக்காகத்தான் உழைக்கும்.

இன்னொன்று. தவறான கொட்டேஷனால் வரும் நட்டம் யார் தலையில் என்பதை முதல் பட்டறையோடு இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகமான டாலரன்ஸைச் சிவப்பில் காட்டி, ஃபோர்மேன் ஓகே கொடுக்காமல் விலை வெளியே போகாதபடி செய்யுங்கள்.

அன்புடன்.